செகண்ட் ஹேண்ட் மோட்டர்ஹோம்: பிரிட்டனில் முதல்முறை வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதும் பேச வேண்டியதும்

மோட்டர்ஹோம் என்றால் ஒரு வேன், அதன் மேல் ஒரு சின்ன வீடு. வேன் பகுதியில் என்ன கோளாறு இருந்தாலும் அக்கம்பக்கத்து கராஜில் காட்டினால் இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவார்கள், அதன் வருடாந்திரச் சோதனைப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுப் பகுதிக்கு அப்படி ஒரு அரசுப் பதிவும் கிடையாது. அதன் சுவருக்குள் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போயிருந்தால் வெளியே தெரியாது, தெரியும்போது செலவு ஆயிரக்கணக்கான பவுண்டில் வந்து நிற்கும். ஆனால் புதிதாக வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்பார்கள், டயரை உதைப்பார்கள், சோபாவில் உட்கார்ந்து டிவி எங்கே வைக்கலாம் என்று பேசுவார்கள், அப்புறம் நேராக விலைக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதிக்கு மேல் ஓதம், அதாவது சுவருக்குள் இறங்கிய ஈரம், தேடுவதற்கே போக வேண்டும்.

வண்டியைப் பார்க்கும் முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். 1997 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு 7,500 கிலோ வரை ஓட்டும் சி1 உரிமை தானாகவே இருக்கும் (70 வயதில் புதுப்பிக்கும்போது அதைத் தக்கவைக்க மருத்துவச் சான்று வேண்டும்). அதற்குப் பின் பாஸ் செய்தவர்களுக்கு 3,500 கிலோதான் எல்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றிக்கொள்ள வழியில்லை, வந்து ஓர் ஆண்டுக்குள் புதிதாக டெஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால், நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த 3,500 கிலோ வரிசையில்தான் நிற்கிறோம். அதோடு, ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் பாஸ் செய்தவர் மேனுவல் வண்டி ஓட்ட முடியாது. பழைய மோட்டர்ஹோம்களில் ஆட்டோமேட்டிக் குறைவு. ஃபியட் டுகாட்டோ வேனில் 'கம்ஃபோர்ட்மேட்டிக்' என்று ஒன்று வந்தது, உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மெஷினே மிதிக்கும், அதை ஆட்டோமேட்டிக் லைசென்ஸில் ஓட்டலாம். மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் திணறும், அதனால் டெஸ்ட் டிரைவில் ஒரு மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள்.

3,500 கிலோ என்பது வண்டியின் எடை மட்டுமல்ல, ஆள், தண்ணீர், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து. புதிய வண்டியின் விளம்பரத் தாளில் 350 கிலோ ஏற்றலாம் என்று இருந்திருக்கும், அதற்குப் பிறகு முந்தைய உரிமையாளர் வெளியே விரிக்கும் சாய்ப்பு, சோலார் பலகை, சைக்கிள் தாங்கி, இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பூட்டியிருப்பார். நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. நான்கு பேர் குடும்பம் ஏறி உட்கார்ந்ததும் எல்லை தாண்டிவிடும். எடை தாண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். ஆகவே வாங்கும் முன் விற்பவரிடம் எடைமேடைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் ஏதாவது பொது எடைமேடை இருக்கும், சில பவுண்டு செலவில் முடியும்.

படுக்கை எண்ணிக்கையும் சீட்பெல்ட் எண்ணிக்கையும் ஒன்றல்ல. 'நான்கு பேர் படுக்கலாம்' என்று விளம்பரம் சொல்லும், உள்ளே போனால் ஓட்டுநர், பக்கத்து இருக்கை இரண்டில் மட்டும்தான் பெல்ட் இருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பின்பக்கம் ப வடிவ சோபா போட்டு, ஓய்வுபெற்ற தம்பதிக்கென்றே செய்தது நிறைய. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது. பின் இருக்கை முன்னோக்கி இருக்க வேண்டும், பெல்ட் தரையோடு பிணைத்த இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்க வேண்டும், வெறும் பிளைவுட்டில் அல்ல. உங்கள் பிள்ளையின் கார் சீட்டையே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு நாள் கட்டணம் போடும் யூலெஸ் திட்டம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரோய்டன் எல்லாமே உள்ளேதான். டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லையென்றால், 3,500 கிலோ வரையிலான மோட்டர்ஹோமுக்கு வாசலை விட்டு நகர்த்தும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2016-க்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை இதில் தேறாது. 2016, 2017 வண்டிகளில் இரண்டு வகையும் உண்டு, பதிவு எண்ணைக் கொடுத்தால் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் தளமே பதில் சொல்லிவிடும். இதனால் யூரோ 5 வண்டிகள் விலை இறங்கிக் கிடக்கின்றன, லெஸ்டரிலோ மில்டன் கீன்ஸிலோ இருக்கும் ஒருவருக்கு அது நல்ல வாய்ப்பு. கிளாஸ்கோ, எடின்பரோ நகர மையங்களில், தரம் தேறாத வண்டிக்குக் கட்டணம் கட்டிப் போகும் வழியே கிடையாது, நேராக அபராதம்தான்.

எங்கே நிறுத்துவீர்கள்? புதிய குடியிருப்புகளில் பலவற்றின் வீட்டுப் பத்திரத்திலேயே கேரவன், மோட்டர்ஹோம் நிறுத்தக்கூடாது என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். இன்சூரன்ஸுக்கும் முன்கூட்டியே விலை கேளுங்கள், லைசென்ஸ் எடுத்து ஓரிரு ஆண்டே ஆனவர்களுக்குச் சிலர் தரவே மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கும் காகிதங்கள்

விளம்பரத்தில் பதிவு எண் தெரிந்தால் போதும், அரசுத் தளத்தில் எம்ஓடி (வருடாந்திரச் சோதனை) வரலாறு முழுக்க வரும். ஒவ்வொரு ஆண்டும் என்ன மைலேஜ், எதற்காகத் தோற்றது, எதைக் கவனிக்கச் சொல்லி எச்சரித்தார்கள் எல்லாம் இருக்கும். மைலேஜ் சீராக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'அடிப்பாகத்தில் துரு' என்று மூன்று வருடமாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், அந்த மனிதர் எம்ஓடி தேறினால் போதும் என்று இருந்தவர். ஒன்று நினைவிருக்கட்டும், எம்ஓடி பிரேக், விளக்கு, டயர், சட்டம் இவற்றைத்தான் பார்க்கும். காஸ் அடுப்பையோ சுவர் ஓதத்தையோ அது தொடுவதில்லை. 'புது எம்ஓடி இருக்கு' என்று சொல்லி ஊறிப்போன வண்டியைத் தலையில் கட்டலாம்.

அப்புறம் ஒரு கட்டணச் சரிபார்ப்பு: வண்டி மேல் கடன் பாக்கி உண்டா, திருட்டு வண்டியா, விபத்தில் கழித்துக் கட்டப்பட்டதா. இருபது பவுண்டு சுற்றளவில் முடிகிற இந்த வேலையை டீலரிடம் வாங்கினாலும் செய்யுங்கள். 2017 அக்டோபர் முதல் கழித்த வண்டிகளுக்கு 'எஸ்', 'என்' என்று வகை போடுகிறார்கள், எஸ் என்றால் சட்டகமே அடிபட்டது. முதல்முறை வாங்குபவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

வேனை வாங்கித் தாங்களே மாற்றியமைத்த கேம்பர் என்றால் வி5சி என்ற பதிவு ஆவணத்தில் உடல்வகை என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 'மோட்டர் கேரவன்' என்று இல்லாமல் 'ஜன்னல் வைத்த வேன்' என்றே பல இருக்கும், 2019-க்குப் பிறகு வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ இந்த மாற்றத்தை எளிதாகத் தருவதில்லை. ஓட்டத் தடையில்லை, ஆனால் இன்சூரன்ஸ்காரரிடம் அதையும் சொல்லித்தான் விலை கேட்க வேண்டும்.

போன் பேசுவது

நம் ஊர்ப் பழக்கத்தில் முதல் மெசேஜிலேயே 'கடைசி விலை என்ன?' என்று அனுப்பிவிடாதீர்கள். இங்கே அதற்குப் பதிலே வராது, வந்தாலும் உங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தனியாக விற்பவர்களில் நிறையப் பேர் ஓய்வுபெற்ற தம்பதிகள், அந்த வண்டியில் ஸ்பெயின் வரை போய் வந்திருப்பார்கள், அதைப் பற்றிப் பேச ஆசைப்படுவார்கள். பேச விடுங்கள். ஏன் விற்கிறீர்கள், எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், குளிர்காலத்தில் எங்கே நின்றது, கடைசியாக ஹேபிட்டேஷன் சர்வீஸ் எப்போது செய்தீர்கள், அந்த ஓத அறிக்கையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, எஞ்சினின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ஹேபிட்டேஷன் சர்வீஸ் என்பது வீட்டுப் பகுதிக்கான வருடாந்திரச் சோதனை: காஸ், மின்சாரம், தண்ணீர், ஓதம். கட்டாயமில்லை, ஆகவே ஒழுங்கானவர்கள்தான் செய்வார்கள், அந்தத் தாள்கள் வருடா வருடம் இருந்தால் விற்பவரின் குணமே தெரிந்த மாதிரி.

இரண்டு கோரிக்கை வையுங்கள். நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முந்தைய இரவே ஃபிரிட்ஜை ஆன் செய்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். 'குளிர்காலம், தண்ணீரை வடித்துவிட்டேன்' என்றால் அது நியாயமான பதில்தான், ஆனால் தண்ணீர் ஓடாமல் வாங்குவது நியாயமில்லை. உறைந்து வெடித்த குழாயும் பாய்லரும் தண்ணீர் விட்டால்தான் பல்லை இளிக்கும்.

வண்டியை விற்பவரின் வீட்டில்தான் பார்க்க வேண்டும், வி5சியில் இருக்கும் அதே முகவரியில். சர்வீஸ் ஸ்டேஷன், பப் வாசல், 'நானே கொண்டுவருகிறேன்' எதற்கும் சரி சொல்லாதீர்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் போதும். மாமா, மச்சான், அவர் நண்பர் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் போய் இறங்கி, விற்பவர் முன்னாலேயே தமிழில் குறை பேசினால் அவர் முகம் சுருங்கிவிடும்.

ஓதம் தேடுவது

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கு. பூஞ்சை வாடை, ஈரத்துணி வாடை இருந்தால் பாதி முடிவு அங்கேயே. எல்லா ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தாலோ வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஓதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி முனை உள்ளது முப்பது பவுண்டுக்குள் கிடைக்கும், ஆனால் அதை வைத்து எல்லா இடத்திலும் குத்தாதீர்கள். ஓட்டை விழும், விற்பவர் துரத்திவிடுவார். ஊசி இல்லாமல் தொட்டு அளக்கும் வகையும் இருக்கிறது. இந்தத் தொழிலில் பொதுவாக 15 சதவீதம் வரை கவலையில்லை என்றும், 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டும் என்றும், 20-க்கு மேல் காரணம் தேட வேண்டும் என்றும், 30 தாண்டினால் உள்ளே மரம் கெட்டிருக்கலாம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நடுச்சுவரில் 11 காட்டுகிற வண்டி, பின் மூலையில் 24 காட்டினால் அந்த வித்தியாசம்தான் செய்தி. ஹீட்டரை இரண்டு நாள் ஓடவிட்டு மேற்பரப்பைக் காயவைக்க முடியும் என்பதால் கருவியை விட விரலைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

விரலால் எங்கெல்லாம் அழுத்துவது? ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் 'லூட்டன்' வகை என்றால் முதலில் அங்கே, மெத்தையைத் தூக்கிவிட்டு, முன் மூலைகள் இரண்டும். காற்றும் மழையும் நேராக மோதுகிற இடம் அது, அந்த வகை வண்டிகளில் முதலில் ஒழுகுவதும் அதுதான். அப்புறம் கூரை ஜன்னல்களைச் சுற்றி, பக்க ஜன்னல்களின் கீழ் மூலைகள், பின்சுவர் முழுக்க, மேலே இருக்கும் அலமாரிகளுக்கு உள்ளே கையை விட்டு, படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிகளின் தரை, சக்கர வளைவை ஒட்டி. சுவர்ப் பலகை அட்டை போல அமுங்கினால், தாள் சுருங்கி அலை அலையாக இருந்தால், ஆணித் தலை கறுத்திருந்தால் உள்ளே தண்ணீர் வந்திருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் புதுத் தாள் ஒட்டி அழகாக இருந்தால் அதைவிடக் கெட்ட அறிகுறி. ஏன் அங்கே மட்டும் புதிது என்று நேராகவே கேளுங்கள்.

வெளியே வந்து, சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். அலுமினியத் தகடு குமிழ் விட்டிருந்தால் உள் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் பட்டைகளில் பழைய பசை காய்ந்து வெடித்திருக்கிறதா, அல்லது அதன் மேலேயே குளியலறை சிலிக்கானைப் பிதுக்கிப் பூசி மெழுகியிருக்கிறார்களா? பழையதைச் சுரண்டாமல் மேலே பூசினால் தண்ணீர் வெளியே போகும் வழிதான் அடைபடும். ஒரு ஏணி கேட்டுக் கூரையையும் பாருங்கள், சோலார் பலகை ஒட்டிய இடத்தில் கம்பி உள்ளே இறங்கும் துளையை முக்கியமாக. பின்பக்க ஃபைபர் பலகையில், விளக்குகளுக்குப் பக்கத்தில், மயிரிழை வெடிப்பு உண்டா என்றும்.

தரையில் வெறும் காலோடு நடங்கள். சமையல் மேடைக்கு முன்னாலும் கதவருகிலும்தான் முதலில் மெத்தென்று ஆகும். சத்தம் மட்டும் வந்தால் சமாளிக்கலாம், அமுங்கினால் பலகையின் ஒட்டு விட்டுவிட்டது அல்லது உளுத்துவிட்டது. ஷவர் தட்டில் விரிசலா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அந்த விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் நேராகத் தரைப் பலகைக்குத்தான் போகும்.

ஓதம் 25, 30 என்று பல இடத்தில் வந்தால் பேரம் பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரே ஒரு ஜன்னல் மூலை மட்டும் என்றால் சரி செய்யக்கூடியதுதான், அது விலைக் கணக்கில் சேரும்.

எல்லாவற்றையும் ஓடவிடுங்கள்

'எல்லாம் வேலை செய்கிறது' என்ற வாக்கியத்தைக் காதிலேயே வாங்காதீர்கள். வெளிமின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்விளக்கு எல்லாம் போட்டு, தண்ணீர் பம்பையும் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வீட்டுப் பேட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. பத்து நிமிடத்தில் மளமளவென்று இறங்கினால் பேட்டரி செத்தது. பிறகு கம்பியை மாட்டி, பாதுகாப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் கரண்ட் உடனே போக வேண்டும்.

ஃபிரிட்ஜ் மூன்று விதமாக ஓடும்: காஸ், வெளிமின்சாரம், எஞ்சின் ஓடும்போது பேட்டரி. மூன்றையும் மாற்றிப் பாருங்கள். காஸில் போட்டு அரை மணி கழித்து வெளி வலைக்கருகே கை வைத்தால் சூடு தெரிய வேண்டும். இது பொறுமை வேண்டிய வேலை, அதனால் போனதும் முதலில் இதை ஆன் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். ஹீட்டரையும் வெந்நீரையும் காஸிலும் கரண்டிலும் தனித்தனியாக. டுரூமா நிறுவனத்தின் பாய்லர்களில் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீரைத் தானே வடித்துவிடும் ஒரு வால்வு உண்டு. அது திறந்து கிடந்தால் தண்ணீர் கீழே ஒழுகும், பயந்துவிட வேண்டாம்.

அடுப்பில் தீ நீலமாக எரிய வேண்டும். பற்றவைத்து ஊதி அணைத்தால், சில நொடியில் 'டக்' என்று காஸ் தானே நிற்க வேண்டும். காஸ் பெட்டியின் தரையில் இருக்கும் துவாரங்களை யாராவது குளிருக்கு அடைத்திருக்கிறார்களா பாருங்கள், கசியும் காஸ் வெளியேற இருக்கும் வழி அது. ரப்பர் குழாயில் ஆண்டு அச்சடித்திருக்கும், எவ்வளவு பழசு என்று பாருங்கள். தோசைக்கல்லை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை, மூன்று பர்னர் அடுப்பில் நம் பெரிய கல் வைத்தால் மற்ற இரண்டும் மூடிக்கொள்ளும். (வண்டிக்குள் தாளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: அந்த வாசனை சோபாத் துணியில் ஏறினால் இறங்காது, விற்கும்போது விலையில் அடிக்கும். வெளியே ஒரு கேம்ப் அடுப்பு வைத்துக்கொள்வதே உத்தமம்.)

கழிவறைக் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, வெளிக்கதவு வழியே உருவிப் பாருங்கள். மூடித் தகடு லேசாக நகர வேண்டும், ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கக்கூடாது. கூச்சமாக இருந்தால் கையுறை.

வேன் பகுதி

இது சுருக்கமாக. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட் பிரச்சினையை மறைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மோட்டர்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஏழு வயதானதை மாற்றத்தான் வேண்டும், அதுவும் மலிவான கார் டயர் போட்டிருக்கிறார்களா, சுமைக்கு ஏற்றது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மைலேஜ் குறைவு என்பதால் விட்டுவிட முடியாது, ஆண்டுக் கணக்கும் உண்டு. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்தில் பதினைந்தாயிரம் மைல் ஓடிய வண்டி கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் நின்றதில் பிரேக் இறுகி, ரப்பர் எல்லாம் காய்ந்து போயிருக்கும்.

இங்கே பார்க்கிறவற்றில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ மேல் கட்டியவை. பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே எல்லாம் அதே தொழிற்சாலையில் பிறந்த அதே வேன்தான். 2006-இல் வந்த மாடலின் ஆரம்ப வண்டிகளில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதறும் கோளாறு பேர்போனது, ஆகவே மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருந்து தண்ணீர் எஞ்சின் மேல் சொட்டும் பழக்கமும் அதற்கு உண்டு, பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர்களைச் சுற்றித் துருவா என்று பாருங்கள். அல்-கோ நிறுவனத்தின் அடிச்சட்டம் உள்ள பழைய வண்டிகளில் பின் அச்சுக்கு வருடா வருடம் கிரீஸ் போட்டாக வேண்டும். விற்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாவிட்டால் யாரும் போடவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டிகளில் வீட்டுக் கதவு வலப்பக்கம் இருக்கும், இங்கே அது சாலைப் பக்கம். தரமான வண்டிகள்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் இறங்கி ஓடும் குடும்பம் யோசிக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் நகரத்துக்குள் மட்டும் வேண்டாம். மோட்டர்வேயில் கொஞ்சம், குறுகிய கிராமச் சாலையிலும் கொஞ்சம். வேல்ஸில் ஸ்கந்த வேல் கோயிலுக்குக் காரில் போனவர்களுக்கு அந்தச் சாலைகளின் அகலம் நினைவிருக்கும், அதில் இந்த அகலத்தை ஓட்டுவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பேரம்

பார்த்து முடித்ததும் அங்கேயே விலை சொல்லாதீர்கள். 'கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு உங்கள் காரில் போய் உட்காருங்கள்.

ஓர் உதாரணம். கேட்கும் விலை 28,500 என்று வைத்துக்கொள்வோம். டயர் நான்கும் எட்டு வயது, தோராயமாக 560. டைமிங் பெல்ட்டும் எஞ்சினின் தண்ணீர் பம்பும் 700. பின் ஜன்னல் மூலையில் ஓதம் 23, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டதில் 1,200. வீட்டுப் பேட்டரி 130. ஆக 2,590. சோபாத் துணியில் கறை, கதவில் கீறல், ரேடியோ பழசு இதையெல்லாம் பட்டியலில் சேர்க்காதீர்கள். பழைய வண்டி பழையதாகத்தான் இருக்கும், அற்பக் குறைகளை அடுக்கினால் பெரிய குறைகளின் கனம் போய்விடும். வருடாந்திர சர்வீஸும் நம் செலவுதான்.

இப்போது பேச்சு இப்படிப் போகலாம்: 'வண்டி எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நன்றாக வைத்திருக்கிறீர்கள். ஆனால் வாங்கியதும் நான் உடனே செய்ய வேண்டியவை இந்த நான்கு. அதையெல்லாம் கணக்கில் வைத்து 25,000 தர முடியும்.' பட்டியலை எழுதி அவர் கையில் கொடுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நமக்குக் கஷ்டமாக இருக்கும், நாமே '26 ஆவது தருகிறேன்' என்று உளறிவிடுவோம். அவர் பேசட்டும். 26,000-க்கும் 26,500-க்கும் நடுவில் எங்காவது முடிந்தால் இரண்டு பேருக்கும் நியாயம். அடிமாட்டு விலைக்குக் கேட்டு அவரைச் சீண்டினால், வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர் உங்களுக்குத் தராமல் இன்னொருவருக்குக் குறைத்தே தந்துவிடுவார்.

டீலரிடம் விலை அவ்வளவு இறங்காது. அங்கே காசுக்குப் பதிலாக வேலையாகக் கேளுங்கள்: புது டயர், பெல்ட், ஓத அறிக்கையோடு முழு ஹேபிட்டேஷன் சர்வீஸ், பன்னிரண்டு மாத எம்ஓடி. இதெல்லாம் அவருக்கு உள்செலவு, உங்களுக்கு வெளிச்செலவு, அதனால் எளிதில் இணங்குவார். சொன்னது அத்தனையும் ஆர்டர் தாளில் எழுத்தில் வர வேண்டும். காலமும் ஒரு கருவிதான். மார்ச், ஏப்ரலில் எல்லோரும் வாங்க வருவார்கள். அக்டோபர் முடிந்து நவம்பரில், குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்திவைக்க வேண்டுமே என்று விற்பவர் யோசிக்கும் நேரத்தில், பேச்சு சுலபமாகும்.

'இன்னொருவர் நாளை காலை வருகிறார்' என்றால் வரட்டும். அந்த ஒரு வரிக்காக அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் நிறைய. சந்தேகம் இருந்தால் முன்னூறு, நானூறு பவுண்டு கொடுத்து ஒரு தனி மொபைல் எஞ்சினியரை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். இருபத்தைந்தாயிரம் போடும் இடத்தில் அது பெரிய செலவில்லை. அதற்கு மறுக்கும் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

பணமும் காகிதமும்

தனியாரிடம் வாங்கினால் வண்டி சொன்னபடி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான் சட்டத்தின் பாதுகாப்பு. அவர் சொல்லாததை நீங்கள் கேட்காவிட்டால் அது உங்கள் பாடு. அதனால்தான் 'ஓதம் உண்டா?' என்று மெசேஜில் எழுத்தாகக் கேட்டு எழுத்தாகப் பதில் வாங்கச் சொல்கிறேன். டீலர் என்றால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது: பெரிய குறை தெரிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம், ஆறு மாதத்துக்குள் என்றால் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். வண்டி விலை 30,000 பவுண்டுக்குள் இருந்தால் அட்வான்ஸையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அப்போது கார்டு நிறுவனமும் டீலரோடு சேர்ந்து பொறுப்பாகிறது.

வி5சி இல்லாமல் ஒரு பென்னி கொடுக்காதீர்கள், 'தபாலில் வருகிறது' என்ற கதையே வேண்டாம். அதில் இருக்கும் சட்டக எண்ணை முன் கண்ணாடியின் கீழே இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒருகாலத்தில் வெற்று வி5சி தாள்கள் மொத்தமாகத் திருடுபோயின. வரிசை எண் பிஜி 8229501 முதல் பிஜி 9999030 வரை, அல்லது பிஐ 2305501 முதல் பிஐ 2800000 வரை இருந்தால் வாங்காமல், பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு போலீசுக்குச் சொல்லுங்கள். அந்த ஆவணம் உரிமைப் பத்திரம் அல்ல, பதிவுக்குரியவர் யார் என்று மட்டுமே சொல்லும். ஆகவே விலை, தேதி, இருவர் பெயர், கையெழுத்தோடு தனி ரசீது வேண்டும்.

பணம் பேங்க் டிரான்ஸ்ஃபர்தான், வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஆப்பில் ஒரு நாள் உச்சவரம்பு எவ்வளவு என்று முந்தைய நாளே பாருங்கள், சனிக்கிழமை மாலை யாரோ ஒருவர் வாசலில் நின்று பேங்க் ஹெல்ப்லைனில் பாட்டு கேட்க வேண்டாம். ரோடு டாக்ஸ் விற்பவரிடமிருந்து மாறாது, வி5சியிலிருந்து வாங்குபவருக்குக் கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து அங்கேயே போனில் கட்டலாம். இன்சூரன்ஸும் அந்த நிமிடத்திலிருந்து ஓட வேண்டும். இரண்டு சாவி, காஸ் பெட்டிச் சாவி, கேசட் கதவுச் சாவி, கையேடுகள் எல்லாம் எண்ணி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் ஓரிரு இரவு வாசலிலோ பக்கத்து கேம்ப்சைட்டிலோ படுத்து, ஹீட்டர், வெந்நீர், ஃபிரிட்ஜ், ஷவர் எல்லாவற்றையும் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு அதே மூலைகளில் ஓதமானியை மறுபடி வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டீலரிடம் வாங்கியிருந்தால் இதெல்லாம் அந்த முப்பது நாளுக்குள் முடிய வேண்டும். குறை ஏதும் தெரிந்தால் போனில் பேசுவதோடு விடாமல் அன்றைக்கே தேதியோடு ஈமெயில் அனுப்பிவிடுங்கள்.